மேசை ஆடல, கணக்கப்புள்ள ஐயா

பேனை சரியில்லைன்னு கடைக்காரனைத் திட்டியாச்சு. காயிதம் வழுக்குதுன்னு இன்னொரு கடையில போய் வேற கொப்பி வாங்கியாச்சு. பிறகு பல்பு மங்கல், கண்ணாடி பழசு, மழை ஈரம். இப்ப கடைசியா மேசைக்கு ஒரு கால் கட்டைன்னு கண்டுபிடிச்சு, பேரனை விட்டு அட்டையை மடிச்சு அடியில சொருகச் சொல்லியிருக்கீங்க. வாசப்படியில உட்கார்ந்து நானும் எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். மேசை ஆடல, கணக்கப்புள்ள ஐயா. அது பலாமரத்து மேசை. நம்ம ரெண்டு பேரையும் அனுப்பி வச்சுட்டுத்தான் அது போகும். ஆடுறது உங்க கை.

கோவிச்சுக்காதீங்க. நான் கவ்வாத்துக் கத்தி பிடிச்சவன், நீங்க பேனை பிடிச்சவரு. உங்க கையெழுத்துலதான் எங்க வீட்டு உலை கொதிச்சது. செக்ரோல்ல, அதான் வருகைப் பதிவுல, நீங்க போட்டாத்தான் எங்களுக்கு முழுப் பேரு, முழுநாள் கூலி. உங்களுக்கு மனசு கோணினா அரைப் பேரு. ஈரத்துக்கு ரெண்டு கிலோ, படங்குக்கு ஒரு கிலோன்னு கொழுந்தைக் கழிச்சு எழுதுவீங்களே, அந்த எழுத்துல ஒரு நாளும் ஒரு நடுக்கம் கிடையாது. அச்சடிச்ச அழகு. இன்னைக்கு அந்தக் கை ஆடுதுன்னா, கழிச்ச கிலோவெல்லாம் இப்பத்தான் திரும்பி வந்து மணிக்கட்டுல உட்கார்ந்திருக்குன்னு லயத்துப் பொம்பளைங்க சொல்றாங்க. நான் சொல்லல ஐயா. நான் கேட்டேன், சிரிச்சேன், அவ்வளவுதான்.

என் பேத்தி பேராதனையில படிக்கிறாளே, அவ லீவுக்கு வந்தப்ப உங்க கொப்பியைக் காட்டினேன். உங்களைக் கேக்காமத்தான் எடுத்தேன், கேட்டா கொடுத்திருப்பீங்களா? அவ புரட்டிப் புரட்டிப் பாத்துட்டு விளக்கம் சொன்னா. எழுதுறது விரல் மட்டும் பாக்குற வேலை இல்லையாம். மூளையில ஒரு பக்கம் சொல்லைத் தேடணும், இன்னொரு பக்கம் எழுத்தோட வடிவத்தை நினைக்கணும், வேற ஒரு பக்கம் எவ்வளவு பெருசு எவ்வளவு வேகம்னு அளந்து கொடுக்கணும். கண்ணு கோட்டைப் பாக்கணும். பேனை எவ்வளவு அழுத்துதுன்னு விரல் நுனி மேல தகவல் அனுப்பணும். இத்தனை பேரும் ஒரே நேரத்துல பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, வந்தாத்தான் வேலை ஓடும். வயசானா ஒவ்வொருத்தரும் கொஞ்சம் கொஞ்சம் பிந்தி வர்றாங்க. பிந்தி வந்தவனை என்ன பண்ணணும்னு உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா? ஆனா இவங்களுக்கு அரைப் பேரு போட முடியாது ஐயா. இவங்க தோட்டத்துல நீங்கதான் கூலி.

கையைத் திருப்பிப் பாருங்க. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல முன்னாடி மேடா இருந்த சதை இப்ப பள்ளமா இருக்கா? அந்தச் சின்னச் சதைகள்தான் பேனையை நகட்டுற ஆளுங்க. வயசுக்கு அது வத்தும். கட்டைவிரலோட அடி மூட்டு தேஞ்சு போய், பேனையை இறுக்கினா சுள்ளுன்னும். விரல் நுனியில உணர்ச்சி மட்டுப்படுறதால சிலபேர் பேனையைத் தாள்ல அழுத்தி அடுத்த பக்கத்துலயும் சேத்து எழுதிருவாங்க. சிலபேர் எழுதினது தாளுக்கே தெரியாது. இதோட வெள்ளெழுத்து, கண்ணுல புரை. மொத்தத்துல வேகம் குறையும், பேனையை அடிக்கடி தூக்கித் தூக்கி வைப்பாங்க, எழுத்து ஒண்ணு நெட்டை ஒண்ணு குட்டையா நிக்கும், வரி மேல ஏறும், இல்லாட்டி கீழ இறங்கும், சுழி மூடாம வாயைப் பிளந்துக்கிட்டு இருக்கும். எழுத்து இப்படி மாறுறது தனியா ஒரு நோய் இல்ல. தலை நரைக்கிற வரிசையில இதுவும் ஒண்ணு.

நம்ம தமிழ்ல சுழிக்கு என்ன பஞ்சமா? ண எழுதி முடிக்கிறதுக்குள்ள பேனை எத்தனை தரம் திரும்புது பாருங்க. போன மாசம் கடைச் சீட்டுல நீங்க ‘போஞ்சி’ன்னு எழுதி அனுப்பினீங்க. கடைக்காரன் அதை ‘போத்தல்’னு படிச்சுட்டு, எந்தப் போத்தல், காலா அரையான்னு கேட்டு ஆளை அனுப்பிட்டான். அன்னைக்கு உங்க வீட்டம்மா உங்களைப் பாத்த பார்வையில போஞ்சி வேகாமலே வெந்திருக்கும்.

நம்ம ஊரு குளிரையும் கணக்குல சேத்துக்கோங்க. ஜூன் பிறந்து தென்மேல் மழை பிடிச்சா நல்லதண்ணியில பகல் எது பொழுது சாயுறது எதுன்னே தெரியாது. சிவனொளிபாதமலை பக்கத்துல இருக்குன்னு சொன்னா வெளியூர்க்காரன் நம்பமாட்டான். 2,243 மீட்டர் மலையை மொத்தமா பனி முழுங்கியிருக்கும். அந்த நேரத்துல வாலிபப் பையனுக்கே விரல் மடங்காது. நீங்க காலையில ஆறு மணிக்குக் கம்பளியைப் போத்திக்கிட்டு எழுத உட்கார்ந்தா எழுத்து எப்படி வரும்? வெயில் வரட்டும், இல்லாட்டி அடுப்படியில கொஞ்சம் கையைக் காட்டுங்க. அடுப்படிப் பக்கம் ஆம்பளை போனா மானம் போகும்னா, பூனையை விரட்டப் போறேன்னு சொல்லிட்டுப் போங்க.

பேரன் உங்க எழுத்தைப் படிக்கத் தெரியாம முழிக்கிறானே, அதுல பாதிப் பழிதான் உங்க கைக்கு. மீதி உங்க வாத்தியாருக்கு. நீங்களும் நானும் சிலேட்டுல படிச்ச ‘லை’க்குத் துதிக்கை இருக்கும், முன்னாடி தூக்கிக்கிட்டு நிக்கும். ‘ணை’, ‘னை’ எல்லாம் அந்த யானைக் குடும்பம்தான். பெரியார் 1935-லயே தன்னோட ‘குடி அரசு’ பத்திரிகையில அதையெல்லாம் வெட்டிட்டு நேரா எழுத ஆரம்பிச்சாரு. தமிழ்நாட்டு அரசாங்கம் எம்.ஜி.ஆர். காலத்துல 1978-ல அதுக்கு அரசாணை போட்டுச்சு. பிறகு புத்தகத்தோட புத்தகமா இங்கயும் வந்து சேர்ந்திருச்சு. உங்க கை மட்டும் இன்னும் யானை வளக்குது. யாராவது எழுதினவரோட வயசைக் கேட்டா, நடுக்கத்தைப் பாக்கவே வேண்டாம். ‘மலை’ன்னு ஒரு வார்த்தை எழுதச் சொன்னாப் போதும்.

சரி, இனி விளையாட்டை விட்டுட்டுச் சொல்றேன். அதாவது கொஞ்சம் விட்டுட்டு.

ஆடுற கை எல்லாம் ஒரே ஆட்டம் ஆடுறதில்ல. ஒண்ணு, சும்மா மடியில வச்சா அமைதியா இருக்கும். தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினா, பேனையை எடுத்தா ஆட ஆரம்பிக்கும். எழுத்து பெருசு பெருசா, கோணலும் நெளிவுமா வரும். வட்டச் சுருள் ஒண்ணு வரையச் சொன்னா ஓரமெல்லாம் பல்லுப் பல்லா இருக்கும்; டொக்டர்மார் அதைத்தான் வரையச் சொல்லிப் பாக்குறாங்க. பலபேருக்கு இது குடும்பத்துல வரும். உங்க அப்பா கங்காணியாரு கல்யாண வீட்டுல சாம்பார் வாளியைத் தூக்கினா இலைக்குப் பாதி, வேட்டிக்குப் பாதின்னு ஊத்துவாரே, மறந்துட்டீங்களா? அப்ப எல்லாரும் அது கள்ளுத் தவறணை வேலைன்னுதான் நினைச்சோம். பாவம், மனுசன் அன்னைக்குத் தொட்டிருக்கவே மாட்டாரு.

தவறணைன்னதும் ஒரு விசயம் ஞாபகம் வருது. சொல்லலாமா வேண்டாமான்னு யோசிக்கிறேன். இந்த வகை நடுக்கத்துக்கு ஒரு கிளாஸ் உள்ள போனா கொஞ்ச நேரம் அடங்குமாம். பாத்தீங்களா, இவ்வளவு நேரம் தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருந்தவரு நிமிர்ந்துட்டீங்க! மீதியையும் கேளுங்க. போதை இறங்கினதும் முன்னைவிடக் கூடுதலா ஆடும். அப்ப அதை அடக்க இன்னொண்ணு, அதை அடக்க இன்னொண்ணு. கடைசியில கை நிக்கும், நீங்க நிக்கமாட்டீங்க. இதுக்கு முறையான மாத்திரை இருக்கு, டொக்டர் கொடுப்பாரு. ஆனா அதுல இழுப்பு உள்ளவங்களுக்கு ஆகாத மாத்திரையும் உண்டு. அதனால பக்கத்து லயத்துல ஒருத்தர் போடுறாருன்னு ரெண்டு கடன் வாங்கி முழுங்காதீங்க. இழுப்புக்கு அடிக்கிற பம்பும் சிலபேருக்குக் கையை நடுங்க வைக்கும், அதையும் டொக்டர்கிட்ட சொல்லணும். இன்னொரு ரகசியம், தோட்டத்துல சத்தமாச் சொல்லக் கூடாது: கடுஞ்சாயம் நடுக்கத்தைக் கூட்டும். எழுத்து வேலை இருந்தா முதல்ல எழுதிட்டுப் பிறகு தேத்தண்ணியைக் குடிங்க. நம்ம ஊர்ல தேத்தண்ணியைக் குறைன்னு சொன்னவன்னு என்னைப் பேர் வெட்டிருவாங்க, மெதுவாப் பேசுங்க.

ரெண்டாவது ஆட்டம் வேற. அது கை சும்மா இருக்கும்போது ஆடும். விரல் ரெண்டும் சேர்ந்து மாத்திரை உருட்டும். ஆனா இதுல எழுத்து பெருசாகாது. சிறுக்கும். வரி ஆரம்பத்துல உளுந்து அளவுல இருக்கும், போகப் போகக் கடுகாகி, முடிவுல கண்ணாடிக்கும் தெரியாது, ஒண்ணுமேல ஒண்ணு நெருக்கிக்கிட்டு நிக்கும். லண்டன்ல ஜேம்ஸ் பார்கின்சன்னு ஒரு வைத்தியர் 1817-ல இந்த வியாதியைப் பத்தி ஒரு சின்னப் புத்தகம் எழுதினாரு. மொத்தம் ஆறு பேரைத்தான் வச்சு எழுதினாரு. அதுல சிலபேரை அவர் ரோட்டுல போறப்பப் பாத்தது, ஒருத்தரைத் தூரத்துல இருந்து பாத்ததோட சரி. நான் வாசப்படியில உட்கார்ந்து போறவன் வாறவனை எல்லாம் பாக்குறேன்னு வீட்டுல ஏசுறாங்களே, அந்த வேலையைப் பாத்த ஒரு மனுசன் பேரைத்தான் பிறகு வியாதிக்கே வச்சிருக்காங்க.

மூளைக்குள்ள டோபமின்னு ஒரு சரக்கு சுரக்கிற இடம் அழிஞ்சு போறதுதான் இதுக்குக் காரணம். அசைவை எவ்வளவு பெருசாச் செய்யணும்னு அளந்து கொடுக்கிற வேலை அதனாலதான் கெடுது. அதான் எழுத்து சிறுக்குது, நடை சிறுக்குது, குரல் சிறுக்குது, முகத்துல சிரிப்பும் சிறுக்குது. குத்துச்சண்டை முகமது அலிக்கு இதுதான் 1984-ல கண்டுபிடிச்சாங்க. 1996-ல அட்லாண்டாவுல ஒலிம்பிக் தீபத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னப்ப அந்தக் கை நடுங்கினதை உலகமே டிவியில பாத்துச்சு. உலகத்தையே அடிச்ச கை அது. நீங்க செக்ரோல் தூக்கின கையை வச்சுக்கிட்டு வெக்கப்படுறீங்க.

இதுல எழுத்து நடுக்கத்துக்கு முன்னாடியே சிறுத்துப் போறதும் உண்டு. அதனால ஒரு காரியம் பண்ணுங்க. பழைய கொப்பி எல்லாம் வச்சிருக்கீங்கல்ல, வீட்டம்மா பழைய பேப்பர்காரனுக்குப் போடச் சொல்லியும் போடாம? ரெண்டு மூணு வருசத்துக்கு முன்னாடி எழுதின பக்கத்தையும் இன்னைக்கு எழுதினதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. கோணல் கூடியிருந்தா சிரிச்சுட்டு விடுங்க. ஆனா வரி வரியாச் சிறுத்திருந்தா, டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை போய், அந்தக் கொப்பியையும் கொண்டு போய்க் காட்டுங்க. ஆயிரம் வார்த்தையில உங்க வரலாறு சொல்லி டொக்டரைக் கொல்றதைவிட அந்த ரெண்டு பக்கம் அவருக்கு உபகாரம். சிறுத்த எழுத்துக்காரங்களுக்குக் கோடு போட்ட தாள் கொடுத்தா, கோட்டைப் பாத்து எழுத்து நிமிரும்னும் பேத்தி சொன்னா. ரெண்டாம் வகுப்புக் கொப்பியில எழுதினா மானம் போகாது. போனாலும் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்தைவிட அது மேல்.

இன்னொண்ணு, இதுல கேலி கிடையாது. நேத்து வரைக்கும் நல்லா எழுதின ஆளுக்கு இன்னைக்குக் காலையில திடீர்னு பேனை பிடிபடல, வாய் ஒரு பக்கம் கோணுது, பேச்சு குழறுதுன்னா, அது வயசும் இல்ல, குளிரும் இல்ல. தைலம் தேச்சுப் பாப்போம், சாமியாடிகிட்ட கேப்போம்னு நேரத்தைக் கடத்தாம 1990-க்கு அடிச்சு சுவசெரிய அம்புலன்ஸ் வண்டியைக் கூப்பிடணும். காசு கேக்கமாட்டாங்க.

கை நல்லா இருந்தும் எழுத்து கெடுறது ஒண்ணு இருக்கு. எழுத்து அழகா இருக்கும், ஆனா சொல் காணாமப் போயிருக்கும். எழுதினதையே திரும்ப எழுதியிருக்கும். தேதி இருக்குற இடத்துல ஊர்ப் பேர் இருக்கும். ஜெர்மனியில பிராங்பர்ட்ல 1901-ல ஒரு அம்மாவை ஆஸ்பத்திரியில சேத்தாங்க, அகுஸ்தே டெட்டர்னு பேரு, 51 வயசு. அல்சைமர்ங்கிற டொக்டர் பேரை எழுதச் சொன்னாரு. ‘திருமதி’ன்னு எழுதிட்டு அந்தம்மா நின்னுட்டா. மீதி வரல. அந்த டொக்டர் பேர்லதான் இன்னைக்கு மறதி வியாதியைச் சொல்றாங்க. அமெரிக்காவுல கன்னியாஸ்திரீங்க 678 பேரை வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. மடத்துல சேர்ந்த புதுசுல, சுமார் 22 வயசுல, அவங்கள்ல சிலபேர் கைப்பட எழுதிக் கொடுத்த வாழ்க்கைக் கதை பத்திரமா இருந்திருக்கு. ஒரு வரியில எத்தனை சங்கதி அடக்கியிருக்காங்கன்னு எண்ணிப் பாத்து, குறைவா எழுதினவங்களுக்குத்தான் வயசான காலத்துல மறதி வியாதி கூடுதலா வந்திருக்குன்னு 1996-ல சொன்னாங்க. இதைக் கேட்டதும் எனக்கு உங்களை நினைச்சுத்தான் கவலை. 22 வயசுல நீங்க எழுதினது ஒரே ஒரு காயிதம்தான், அதுவும் மேல் கணக்கு லயத்துப் பிள்ளைக்கு. அதுல ‘நான் நலம், நீ நலமா’ன்னு மட்டும்தான் இருந்துச்சு. சங்கதியே இல்ல. நான்தானே கொண்டு போய்க் கொடுத்தேன், படிக்காம இருப்பேனா?

இப்ப பேங்குச் சங்கதிக்கு வர்றேன். சேமலாபக் காசு விழுந்த கணக்குல எடுக்கப் போனா, சைன் ஒத்து வரலைன்னு அந்தப் பிள்ளை திருப்பி அனுப்பிச்சுன்னு வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடாமப் படுத்தீங்க. அதோட விட்டீங்களா? மறுநாள்ல இருந்து பழைய சைனைப் பாத்துப் பாத்து அதே மாதிரி போட்டுப் பழகுறீங்க. அந்த வேலைக்குப் பேர் என்ன தெரியுமா? உங்க கையெழுத்தை நீங்களே கள்ளக் கையெழுத்துப் போடுறது. கோர்ட்டுல கையெழுத்துப் பாக்குற நிபுணர்கள் முதல்ல தேடுறதே அதைத்தான்: மெதுவா, தயங்கித் தயங்கி, படம் வரையுற கோடு. நடுவுல தேவையில்லாத இடத்துல பேனை நின்னிருக்கும், பிறகு ஒட்டுப் போட்டுத் திருத்தியிருக்கும். உண்மையான கிழவன் கோடு கண்டபடி ஆடும், ஆனா நடுநடுவே பழைய வீச்சு ஒண்ணு சட்டுன்னு தலையைக் காட்டும், முடிவுல வால் தைரியமா ஓடும். அது வேசக்காரனுக்கு வராது. அதனால பாக்காம, யோசிக்காம, வேகமாப் போடுங்க. கையெழுத்து ஆயிரம் தரம் போட்ட வழக்கத்துல தானா வர்றது. மத்த எழுத்து கெட்டாலும் அது கடைசி வரைக்கும் ஓரளவு தாக்குப் பிடிக்கும். நீங்க குறுக்க புகுந்து யோசிச்சாத்தான் அதுக்கு வழி தப்புது. அப்படியும் மாறிப் போச்சுன்னா, அடையாள அட்டையோட போய், ஐயா என் சைன் இப்ப இதுதான்னு புதுசா ஒண்ணு பதிஞ்சுட்டு வாங்க. முகம் மாறினா புதுப் போட்டோ எடுக்கிறோம். முடி போனதுக்கு ஒப்புக்கிட்ட மனுசன் சைன் போனதுக்கு மட்டும் ஏன் இவ்வளவு வீம்பு?

ஒண்ணே ஒண்ணு: பேரன் உங்க கையைப் பிடிச்சுச் சைன் வைக்கிறது வேண்டாம். ரெண்டு பேர் சேர்ந்து பிடிச்ச பேனை ரெண்டு பேரோட எழுத்தையும் எழுதாது. மூணாவதா ஒருத்தன் வந்து நிப்பான். பாசத்துலதான் பிடிக்கிறான், இல்லைன்னு சொல்லல. ஆனா வீட்டுக்குக் கொடுத்த ஏழு பேர்ச் காணி உறுதிப் பேச்சு வந்த பிறகுதான் இந்தப் பாசம் மணிக்கட்டு வரைக்கும் வந்திருக்கு, அதையும் கவனிச்சேன். மரண சாசனம் எழுதுறதா இருந்தா நொத்தாரிசு முன்னாடி, ரெண்டு சாட்சியோட எழுதுங்க. நொத்தாரிசு இல்லாட்டி அஞ்சு சாட்சி வேணும். வெள்ளைக்காரன் 1840-ல போட்ட சட்டம், இன்னும் அதுதான். அஞ்சு பேர் பாக்க நடுங்கிக்கிட்டே போட்ட சைனுக்குத் தனி பலம் உண்டு.

அப்புறம் நீங்க ராத்திரி தூங்காமப் பயப்படுறது எதுக்குன்னு எனக்குத் தெரியும். கடைசியில கைநாட்டு வைக்க வேண்டி வந்துருமோன்னுதானே? எத்தனை பேரோட கட்டைவிரலைப் பிடிச்சு மையில அமுக்கியிருப்பீங்க! என் ஆத்தா விரலையும் நீங்கதான் அமுக்கினீங்க. 1948-ல பிரசாவுரிமைச் சட்டம்னு ஒண்ணு வந்து, மலையையே தோண்டி நட்ட சனத்தை நாடில்லாத சனமாக்கிச்சு. பிறகு 1964-ல ரெண்டு நாட்டுப் பிரதமருங்க, சிறிமாவும் சாஸ்திரியும், உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டு இவ்வளவு பேர் உனக்கு, இவ்வளவு பேர் எனக்குன்னு பிரிச்சாங்க: இந்தியாவுக்கு 5,25,000, இங்க 3,00,000, மீதி 1,50,000-ஐப் பிறகு பாத்துக்கலாம். அத்தனைக்கும் விண்ணப்பம், அத்தனை விண்ணப்பத்துலயும் பெருவிரல். எழுதத் தெரிஞ்ச நீங்க ‘நல்லா அமுக்கு, பூசி வைக்காத’ன்னு அதட்டுவீங்க. ஆத்தா ஒண்ணும் பேசமாட்டா. வீட்டுக்கு வந்து விரலைச் சாம்பல் போட்டுத் தேய்ப்பா.

இப்ப கணக்குப் பாருங்க. வங்காளத்துல வில்லியம் ஹெர்ஷல்னு ஒரு வெள்ளைக்கார அதிகாரி 1858-ல, ரோட்டுக் கல்லு கொந்தரப்பு எடுத்த ராஜ்யதர் கோனாய்ங்கிற ஆளைக் கையெழுத்துக்குப் பதிலா உள்ளங்கை முழுசையும் மையில தோச்சுப் பதிய வச்சாரு. பிறகு வருசக்கணக்கா ரேகையைப் பாத்துக்கிட்டே இருந்து, மனுசனுக்கு வயசானாலும் ரேகை மாறாதுன்னு கண்டாரு. அதுக்குப் பிறகு 1897-ல கல்கத்தாவுல ரேகைக்குன்னே ஒரு ஆபீசைத் திறந்தாங்க. ஆக, நீங்க ஏளனம் பண்ணின கைநாட்டு அப்படியே இருக்கு. பெருமை பேசின கையெழுத்துதான் ஆடுது. ரொம்பவும் துள்ளாதேன்னு எனக்கும் பேத்தி ஒரு கொட்டு வச்சா. கொழுந்து கிள்ளிக் கிள்ளி, மண்வெட்டி பிடிச்சுப் பிடிச்சு, வயசும் சேர்ந்தா ரேகையோட மேடு தேஞ்சு, மெஷின் விரலைத் தேடிக்கிட்டே இருக்குமாம். உரு மாறாது, ஆனா பதியாது. எழுத்தும் இல்ல, ரேகையும் இல்லைன்னா நம்மளை என்னத்தை வச்சு அடையாளம் பிடிப்பாங்களோ. நாக்கை வச்சுப் பிடிக்கிறதா இருந்தா என்னைச் சுலபமாப் பிடிச்சுரலாம்.

சொல்லி எழுத வைக்கிறதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்ல. வியாசருக்கே எழுத ஒரு பிள்ளையாரு வேண்டியிருந்துச்சு, அவரும் தந்தத்தை ஒடிச்சுத்தான் எழுதினாரு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாட்டைச் சொல்லச் சொல்ல மாணாக்கர் ஏட்டுல எழுதினாங்க. அவரோட மாணாக்கர் உ.வே.சாமிநாதையர் எண்பத்தஞ்சு வயசை நெருங்கின பிறகு, 1940-லதான் ஆனந்த விகடன்ல தன் சரித்திரத்தைத் தொடங்கினாரு, கி.வா.ஜகந்நாதன் கூட இருந்து உதவினாரு. காந்தி 1909-ல கப்பல்ல வரும்போது ‘ஹிந்த் ஸ்வராஜ்’ எழுதி வலக்கை அசந்ததும் இடக்கையால எழுதினாராம். நீங்க அதைப் படிச்சுட்டு இடக்கையில ஆரம்பிச்சுராதீங்க. வலக்கை எழுதினதுக்கே போத்தலைத் தூக்கிக்கிட்டு ஆள் வருது.

பேனைக்கு மேல சைக்கிள் டியூப்புத் துண்டு ஒண்ணை மாட்டிக்கோங்க, தடிச்ச பேனை விரலுக்கு இதம். முழங்கையை மேசையில ஊன்றுங்க. தினமும் நாலு வரி எழுதுங்க. என்ன எழுதன்னு கேக்காதீங்க, கழிச்ச கிலோக் கணக்கை எழுதினாலே இந்த மாரி முழுக்கப் போதும்.

இப்ப வந்த வேலையைச் சொல்றேன். என் தங்கச்சிக்கு ஒரு கடுதாசி எழுதணும். தெரியும்ல, அந்தச் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துல கப்பல் ஏறிப் போனவ, கூடலூர்ப் பக்கம் தேயிலையிலதான் இன்னும் இருக்கா. போன்ல பேசலாம், ஆனா போன்ல பேசினா அவ மருமக பக்கத்துல நிப்பா. கொப்பி நான் கொண்டாந்திருக்கேன், கோடு போட்டது. கூலி கொடுத்துருவேன், ஈரத்துக்குக் கழிக்க மாட்டேன். எழுதுங்க: ‘அன்புள்ள தங்கச்சிக்கு, அண்ணன் எழுதுவது. இங்கு மழை.’ அந்த ‘மழை’யை இன்னும் கொஞ்சம் பெருசா. அவளுக்கும் கண்ணுல புரை. ‘மலை’ வர்ற இடத்துல யானை வேணும், அவளும் நம்ம சிலேட்டுதான். என்ன, அதுக்குள்ள சிறுக்குதே ஐயா? திரும்ப எழுதுங்க. காசு நான்தானே தர்றேன்.